பழைய வண்டியும் ஒரு சுரங்கம்

ஆயுள் முடிந்த வாகனங்களை உடைக்கும் தொழிலுக்கு இந்தியாவில் இப்போதுதான் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டு வருமா, வெறும் சான்றிதழ்களை மட்டும் கொண்டு வருமா? கோலார் தங்கவயலின் கழிவு மேடுகள் ஒரு பாடம் சொல்கின்றன.

காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போன கூட்டம் இருட்டிய பிறகு திரும்பி வந்து இறங்கும் ஊர் ஊரிகம். பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை போகும் பாதையில், கோலார் தங்கவயலின் நடுவே உள்ள சிறிய ரயில் நிலையம். அதைச் சுற்றியுள்ள பகுதியில் கண்ணில் படுவது மலையல்ல, மலை போன்ற ஒன்று. உச்சி தட்டையாக, மரம் மட்டை இல்லாமல், சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் நிற்கும் மேடுகள். 'சயனைட் மேடு' என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பூமிக்கு அடியிலிருந்து கொண்டு வந்த பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கழிவு அது. காற்றடி காலத்தில் தூசியாக வீடுகளுக்குள் வருகிறது. மழைக் காலத்தில் சேறாகக் கீழே இறங்குகிறது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடியது வரை, 120 ஆண்டுகளில் இங்கிருந்து சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிற்று. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி அதை எடுத்துக் கொடுத்தார்கள். தங்கம் போன பிறகு மிஞ்சியது 13 மேடுகள், ஏறக்குறைய 1,003 ஏக்கர் பரப்பில், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு.

இந்தக் கழிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சுரங்கம் நடந்த காலத்தில் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுரங்கத்தை மூடும்போது நிலத்தையும் கழிவையும் என்ன செய்வது என்ற திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும், அதற்கு நிதி உத்தரவாதமும் கொடுக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2003 ஏப்ரலில்தான் வந்தது. அதாவது தங்கவயல் மூடப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. விதி இரண்டு ஆண்டுகள் பிந்தியது. மேடுகள் கால் நூற்றாண்டாக நிற்கின்றன.

இதே கேள்வி இன்று வேறொரு கழிவைப் பற்றி எழுந்திருக்கிறது. ஊரிகத்திலும் ராபர்ட்சன்பேட்டையிலும், வேலூரிலும் சென்னையிலும், நாட்டின் எல்லா ஊர்களிலும் ஒர்க்‌ஷாப் வாசலிலும் காவல் நிலையச் சுவரோரமும் துருப்பிடித்து நிற்கும் கழிவு. ஆயுள் முடிந்த கார், லாரி, ஸ்கூட்டர், ஆட்டோ. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2015இல் இத்தகைய வாகனங்களின் எண்ணிக்கை 87 லட்சம் என்றும், 2025இல் அது 2 கோடியே 18 லட்சத்தை எட்டும் என்றும் மதிப்பிட்டது. இவற்றில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள்.

மூன்று கிராமும் ஆயிரம் கிராமும்

பழைய வண்டியைக் கழிவு என்று சொல்வதே பாதி உண்மைதான். ஒரு காரின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இரும்பும் எஃகும். மீதியில் அலுமினியம், செம்பு, ஈயம், ரப்பர், கண்ணாடி, பிளாஸ்டிக். இவற்றோடு, புகைக்குழாயில் பொருத்தப்பட்ட ஒரு சிறிய டப்பாவுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்.

அந்த டப்பாவின் பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதன் கதையே சட்டம் எப்படித் தொழில்நுட்பத்தை இழுத்து வருகிறது என்பதற்கு நல்ல உதாரணம். 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களில் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தால் கன்வெர்ட்டர் செத்துவிடும். எனவே அந்த நகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. புகையைக் கட்டுப்படுத்த வந்த ஒரு விதி, சுத்திகரிப்பு ஆலைகளின் பெட்ரோல் தயாரிப்பு முறையையும் சேர்த்து மாற்றியது.

அன்று அந்தக் கார்களில் ஏறிய விலையுயர்ந்த உலோகம் இன்று உடைப்புக் களத்துக்கு வருகிறது. தங்கவயல் மூடப்பட்ட காலத்தில் ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கம் சுமார் 3 கிராம்தான். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானை ஒரு டன் சேர்த்தால் அதில் பிளாட்டின வகை உலோகங்கள் ஆயிரம் கிராமுக்கு மேல் கிடைக்கும். அதற்காக யாரும் மூன்று கிலோமீட்டர் ஆழம் இறங்க வேண்டியதில்லை. பாறை வெடித்துச் சாக வேண்டியதும் இல்லை.

ஆனால் சுரங்கத்தைப் போலவே இங்கும் கழிவு மிஞ்சும். அந்தக் கழிவை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காயலான் கடையின் கணக்கு

இந்தியாவில் வண்டி உடைக்கும் தொழில் புதிதல்ல. சென்னையில் கூவம் கரையோரப் புதுப்பேட்டை, பெங்களூரில் சிவாஜி நகர் குஜரி, டெல்லியில் மாயாபுரி. பழைய அம்பாசடருக்கு ஒரு கதவோ, உற்பத்தி நின்றுபோன ஸ்கூட்டருக்கு ஒரு கார்புரேட்டரோ வேண்டுமென்றால் மெக்கானிக் ஆள் அனுப்புவது இங்கேதான். ஸ்பானர், சுத்தியல், உளி, கேஸ் கட்டிங். இவ்வளவுதான் கருவி. ஒரு காரைச் சில மணி நேரத்தில் எலும்பும் தோலுமாகப் பிரித்துவிடும் கைத்திறன் அங்கே இருக்கிறது.

இந்தக் கைத்திறனை ஏளனமாகப் பார்ப்பது தவறு. ஓடக்கூடிய ஒரு கியர்பாக்ஸை உருக்கி எஃகாக்குவதைவிட, இன்னொரு வண்டியில் மாட்டி ஓட்டுவது சுற்றுச்சூழலுக்கு நல்லது. உலையில் எரியும் மின்சாரம் மிச்சம், புதிதாக ஒன்று வார்க்கும் செலவும் மிச்சம். ஐரோப்பியச் சட்டங்கள்கூட மறுசுழற்சிக்கு முன்னால் மறுபயன்பாட்டைத்தான் வைக்கின்றன. அந்தப் பாடத்தைக் காயலான் கடைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கணக்கில் வராதது மற்றொரு பக்கம். இன்ஜினிலிருந்து வடிக்கும் கறுப்பு எண்ணெய் மண்ணில் போகிறது. பேட்டரியின் கந்தக அமிலம் சாக்கடையில் ஊற்றப்படுகிறது. உள்ளே இருக்கும் ஈயம் எங்கோ ஒரு கொல்லைப்புற உலையில் உருக்கப்படுகிறது. ஏ.சி. வாயு காற்றில் விடப்படுகிறது. செம்புக்காக வயர்கள் எரிக்கப்படுகின்றன. விலை போகாத சீட்டு நுரையும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும் குப்பை மேட்டில் புகைகின்றன. வெடிக்காத ஏர்பேக் எப்போது வெடிக்கும் என்று அதைப் பிரிப்பவருக்குத் தெரியாது. இந்த வேலைகளைச் செய்பவர்கள் கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல், பெரும்பாலும் பதிவேட்டில் பெயரும் இல்லாமல் வேலை செய்கிறார்கள்.

இந்தச் செலவுகளை மண்ணும் தண்ணீரும் தொழிலாளியின் நுரையீரலும் ஏற்றுக்கொள்வதால்தான் காயலான் கடைக்காரரால் வண்டிக்கு அதிக விலை தர முடிகிறது. அவர் நேர்மையாக எண்ணெயை வடித்துச் சேகரித்தால் பக்கத்துக் கடைக்காரர் அவரை விலையில் முந்திவிடுவார். சுத்தமாக வேலை செய்பவர் தோற்கும் சந்தையில் புதிய தொழில்நுட்பம் பிறக்காது. அங்கே சட்டம் நுழைய வேண்டிய காரணம் இதுதான்.

ஒரு தீவு கற்பித்த பாடம்

ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் டெஷிமா என்று ஒரு சிறிய தீவு. கார்களை இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கி இரும்பைக் காந்தத்தால் பிரித்த பிறகு மிஞ்சும் பஞ்சு, நுரை, பிளாஸ்டிக், கண்ணாடித் தூள் ஆகியவற்றை ஒரு நிறுவனம் அங்கே சட்டவிரோதமாகக் கொட்டி வந்தது; எரிக்கவும் செய்தது. தீவுவாசிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1990இல் போலீஸ் சோதனை நடந்தது. 2000இல்தான் சமரசம் ஏற்பட்டது. பிறகு அந்தக் கழிவைத் தோண்டியெடுத்துப் பக்கத்துத் தீவான நவோஷிமாவுக்குக் கொண்டுபோய்ப் பதப்படுத்தும் வேலை 2017 வரை நடந்தது. அகற்றிய கழிவு 9 லட்சம் டன்னுக்கு மேல்.

டெஷிமாவின் அவமானம் ஜப்பானைச் சட்டம் செய்ய வைத்தது. 2002இல் நிறைவேறி 2005 ஜனவரியில் அமலுக்கு வந்த வாகன மறுசுழற்சிச் சட்டம் ஓர் எளிய காரியம் செய்தது. இரும்பைப் பற்றி அது அதிகம் கவலைப்படவில்லை. இரும்புக்குச் சந்தை இருக்கிறது. சந்தை சீண்டாத மூன்று பொருள்களை மட்டும் பிடித்துக்கொண்டது: ஏர்பேக், ஏ.சி. வாயு, உடைப்புத் தூள். இவற்றைக் கையாளும் பொறுப்பு கார் தயாரிப்பாளர் மீது சுமத்தப்பட்டது. அதற்கான கட்டணத்தைக் கார் வாங்குபவர் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். பணம் ஓர் அறக்கட்டளையில் இருக்கும்; வண்டி உடையும் நாளில் வெளியே வரும். விளைவு, குழியில் புதைக்கப்பட்டு வந்த உடைப்புத் தூளில் 90 சதவீதத்துக்கு மேல் இப்போது எரிபொருளாகவோ மூலப்பொருளாகவோ பயன்படுகிறது. அதற்கென்றே உருக்கு முறைகளும் வகைப்படுத்தும் இயந்திரங்களும் வந்தன.

ஐரோப்பா வேறொரு வழியில் போனது. 2000 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த ஆணை, காரின் எடையில் 85 சதவீதத்தை 2006க்குள்ளும் 95 சதவீதத்தை 2015க்குள்ளும் மீட்டுப் பயன்படுத்த வேண்டும் என்றது. எடையில் முக்கால் பங்கு எப்படியும் உலோகம். அது ஏற்கெனவே மீட்கப்பட்டு வந்தது. ஆகவே ஆணையின் அழுத்தம் முழுவதும் மீதிக் கால் பங்கின் மேல் விழுந்தது. உடைப்புத் தூளிலிருந்து பிளாஸ்டிக், நார், மணல் எனத் தனித்தனியே பிரிக்கும் ஆலை முறையை ஃபோக்ஸ்வாகன், சிகான் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியது. பிளாஸ்டிக் பாகங்களில் அவை எந்த வகை என்ற குறியீடு அச்சிடப்பட்டது. ஒரு காரில் உள்ள ஒவ்வொரு பாகமும் எந்தப் பொருளால் ஆனது என்று பதிவு செய்யும் சர்வதேசத் தகவல் தொகுப்பைக் கார் நிறுவனங்களே ஏற்படுத்தின.

அதே ஆணை 2003 ஜூலைக்குப் பிறகு விற்பனைக்கு வரும் புதிய வாகனங்களில் ஈயம், பாதரசம், காட்மியம், ஆறிணைதிறன் குரோமியம் ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. மாற்று இல்லாத இடங்களில் மட்டும் விலக்கு. போல்ட்டுகளின் மேல் பூசும் மஞ்சள் குரோமியப் பூச்சுக்குப் பதில் நச்சு குறைந்த பூச்சு வந்தது. சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டும் ஈயக் கட்டிகளின் இடத்தைத் துத்தநாகமும் எஃகும் பிடித்தன. ஐரோப்பாவுக்கு உதிரி பாகம் ஏற்றுமதி செய்யும் இந்தியத் தொழிற்சாலைகளும் மாற வேண்டியதாயிற்று. இந்தியாவில் எந்தச் சட்டமும் வரும் முன்பே, பிரஸ்ஸல்ஸில் எழுதிய சட்டம் இங்குள்ள பூச்சுத் தொட்டிகளுக்குள் வந்துவிட்டது.

ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1991இல் சொன்ன கருத்து இதுதான்: நன்றாக எழுதப்பட்ட சுற்றுச்சூழல் சட்டம் தொழிலுக்குச் சுமையல்ல, அதைச் சிந்திக்க வைக்கும் தூண்டுகோல். இதில் 'நன்றாக எழுதப்பட்ட' என்ற இரண்டு சொற்களை மறந்துவிடக் கூடாது.

இந்தியா எழுதிய விதி

இந்தியா இந்தப் பாதையில் மெதுவாகத்தான் வந்தது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில், வாகனத்தை முறையாகப் பிரித்துக் காட்டும் மாதிரிக் கூடம் 2011இல் தொடங்கப்பட்டது. மறுசுழற்சிக்கு ஏற்ற வாகன வடிவமைப்புக்கான ஏ.ஐ.எஸ். 129 என்ற தரநிர்ணயம் 2015இல் வெளியாயிற்று. மகிந்திரா குழுமமும் மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி.யும் சேர்ந்து நடத்தும் 'சீரோ' 2018இல் கிரேட்டர் நொய்டாவில் வேலையைத் தொடங்கியது. மாருதி சுஸுகியும் ஜப்பானின் டொயோட்டா சுஷோவும் சேர்ந்து 2021 நவம்பரில் நொய்டாவில் ஆண்டுக்கு 24,000 வாகனங்களைப் பிரிக்கும் ஆலையைத் திறந்தன. 2023இல் டாடா மோட்டார்ஸ் ஜெய்ப்பூரில் நுழைந்தது.

இவற்றுக்குப் பின்னால் இருந்தது 2021 செப்டம்பரில் வெளியான வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகள். பதிவு பெற்ற நிலையம் மட்டுமே வண்டியை உடைக்கலாம். உடைக்கும் முன் எரிபொருள், எண்ணெய்கள், குளிரூட்டும் திரவம், ஏ.சி. வாயு, பேட்டரி எல்லாவற்றையும் தனித்தனியே வடித்து எடுக்க வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த துண்டை வெட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். வண்டியின் பதிவு 'வாஹன்' கணினித் தொகுப்பிலிருந்து நீக்கப்படும். உரிமையாளருக்கு ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் புதிய வண்டியின் சாலை வரியில் சொந்த வாகனத்துக்கு 25 சதவீதம் வரையிலும் வாடகை வாகனத்துக்கு 15 சதவீதம் வரையிலும் சலுகை தரலாம்.

சேஸிஸ் துண்டு சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் உடைந்துபோன காரின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துத் திருட்டுக் காருக்குப் புது உயிர் கொடுப்பது பழைய தந்திரம். வண்டி செத்த பிறகும் அதன் ஆர்.சி. உயிரோடு இருந்த காலத்துக்கு இந்த விதி முடிவு கட்டுகிறது. தொழில்நுட்பம் என்றால் பெரிய இயந்திரம் மட்டுமல்ல. ஒரு வண்டி இறந்ததை நம்பகமாகப் பதிவு செய்யும் ஏற்பாடும் தொழில்நுட்பம்தான்.

அடுத்த படி 2025 ஜனவரி 6 அன்று அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் விதிகள். இவற்றின்படி வாகனத்தைத் தயாரித்தவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு. பதிவு பெற்ற நிலையங்கள் மீட்ட எஃகின் எடைக்கு ஏற்பச் சான்றிதழ்கள் உருவாகும்; தயாரிப்பாளர்கள் அவற்றை வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். டிராக்டர், பவர் டில்லர் போன்ற விவசாய வாகனங்களுக்கு விலக்கு உண்டு.

இலக்கு எவ்வளவு? சொந்த வாகனமானால் 20 ஆண்டுகளுக்கு முன்பும் வாடகை வாகனமானால் 15 ஆண்டுகளுக்கு முன்பும் சந்தைக்கு அனுப்பிய வண்டிகளில் இருந்த எஃகில் 8 சதவீதம். 2030-31 முதல் 13 சதவீதம், 2035-36 முதல் 18 சதவீதம்.

எட்டும் தொண்ணூறும்

சந்தேகம் இங்கேதான் எழுகிறது. எஃகு என்பது காயலான் கடையே தானாக மீட்கும் பொருள். அதற்கு உலைகள் காத்திருக்கின்றன, சட்டம் தேவையில்லை. நுரையும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும்தான் யாரும் தொடாதவை. அவற்றுக்கு இலக்கு இல்லை. ஜப்பான் சந்தை ஒதுக்கியதைப் பிடித்தது. ஐரோப்பா மொத்த எடையைப் பிடித்து, மீதிக் கால் பங்கின் மேல் அழுத்தம் விழச் செய்தது. இந்தியா சந்தை ஏற்கெனவே விரும்பும் பொருளை அளவுகோலாக வைத்திருக்கிறது. எதை அளக்கிறோமோ அதில்தான் மூளை வேலை செய்யும். எஃகை அளந்தால், வண்டியை வேகமாக நசுக்கிக் கட்டியாக்கும் இயந்திரம் வரும். நுரையைப் பிரிக்கும் இயந்திரம் ஏன் வர வேண்டும்?

விதிகளுக்குச் சார்பாகவும் சொல்ல உண்டு. டயருக்கு 2022 முதலும் கழிவு எண்ணெய்க்கு 2024 முதலும் இதேபோன்ற தயாரிப்பாளர் பொறுப்பு தனித்தனி விதிகளில் வந்துவிட்டது. பேட்டரிக்கு 2022 விதிகள் இருக்கின்றன. எஃகை எடைபோடுவது எளிது, ஏமாற்றுவது கடினம். எல்லா வண்டிகளும் முதலில் பதிவு பெற்ற களத்துக்கு வரட்டும், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்பது நடைமுறை அறிவு.

அந்தப் பேட்டரி விதிகள் என்ன செய்தன என்பதே நல்ல சோதனை. மின்வாகன பேட்டரியில் உள்ள பொருள்களில் 2024-25இல் 70 சதவீதம், 2025-26இல் 80 சதவீதம், 2026-27 முதல் 90 சதவீதம் மீட்கப்பட வேண்டும் என்று அவை சொல்கின்றன. பேட்டரியை உடைத்துச் செம்பையும் அலுமினியத்தையும் மட்டும் எடுத்து இந்த இலக்கை எட்ட முடியாது. உள்ளே இருக்கும் கறுப்புத் தூளிலிருந்து லித்தியம், கோபால்ட், நிக்கல் ஆகியவற்றைப் பிரித்தே ஆக வேண்டும். அட்டெரோ, லோஹம் போன்ற இந்திய நிறுவனங்கள் இந்த வேலையில் இறங்கியிருக்கின்றன. தூளை அமிலத்தில் கரைத்து, உலோகங்களை ஒவ்வொன்றாகக் கரைசலிலிருந்து வெளியே எடுக்கும் முறை அது.

தங்கவயலின் பழைய ஆட்களுக்கு இது புரியாத வித்தையல்ல. 1887இல் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்ற சயனைட் முறையும் இதன் அண்ணன்தான்: தூளாக்கு, கரை, கரைசலிலிருந்து உலோகத்தை இறக்கு. கரைசலும் கழிவும் எங்கே போக வேண்டும் என்று அன்று விதி சொல்லவில்லை. இன்று சொல்கிறது. இரண்டு காலத்துக்கும் உள்ள வித்தியாசம் வேதியியலில் இல்லை, விதியில் இருக்கிறது.

வயசா, உடம்பா?

விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி களத்துக்கு வர வேண்டும். மத்திய அமைச்சர் நிதின் கட்கரி தந்த கணக்குப்படி 2025 ஆகஸ்ட் வரை உடைக்கப்பட்டவை சுமார் 3 லட்சம் வாகனங்கள். அதில் 1 லட்சத்து 41 ஆயிரம் அரசுக்குச் சொந்தமானவை. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகும் என்ற உத்தரவே அவற்றை அனுப்பியது. கோடிகளில் மதிப்பிடப்பட்ட கழிவுக்கு முன்னால் இது ஒரு கைப்பிடி.

தனியார் வண்டிகள் வராததற்குக் காரணம் உரிமையாளரின் பிடிவாதம் மட்டுமல்ல. தங்கவயல் போன்ற ஊரில் பழைய மோட்டார் சைக்கிள் என்பது குப்பையல்ல, பிழைப்பு. விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போகிறவருக்கும், காய்கறி மூட்டை கட்டிச் சந்தைக்குப் போகிறவருக்கும் அது கை கால் மாதிரி. 2022 ஏப்ரலில் 15 ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும் மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய், மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. வசதி உள்ளவருக்கு இது புதிய வண்டி வாங்க ஒரு காரணம். இல்லாதவருக்கு, ஆர்.டி.ஓ. அலுவலகப் பக்கமே போகாமல் இருக்க ஒரு காரணம். சாலை வரியில் 25 சதவீதச் சலுகையும் புதிய வண்டி வாங்குபவருக்குத்தான். வாங்க முடியாதவருக்கு அந்தச் சான்றிதழால் நேரடிப் பயனில்லை.

டெல்லி இன்னொரு பாடம். 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் பங்குகளில் எண்ணெய் கிடையாது என்றார்கள். மக்களின் எதிர்ப்பில் சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. வண்டியின் வயதைப் பார்த்துத் தண்டிப்பதை மக்கள் ஏற்கவில்லை. புகையைப் பார்த்துத் தண்டித்தால் வாதிட முடியாது. வயதை அளக்க ஒரு காலண்டர் போதும். உடம்பை அளக்கத்தான் தானியங்கிச் சோதனை நிலையமும் நம்பகமான கருவியும் வேண்டும். இங்கும் எளிய அளவுகோல் தொழில்நுட்பத்தைத் தூங்க வைக்கிறது. கடினமான அளவுகோல் எழுப்புகிறது.

இருசக்கர வாகனம் மற்றொரு சிக்கல். வெளிநாட்டிலிருந்து வரும் முறைகளெல்லாம் காருக்காக வடிவமைக்கப்பட்டவை. ஐரோப்பாவில் ஆயுள் முடிந்த வாகனம் என்றால் கார். இந்தியாவில் அது பெரும்பாலும் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும். நூறு கிலோ சொச்சம் எடையுள்ள ஒரு வண்டியை நூறு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஆலைக்கு ஏற்றிச் சென்றால் ஏற்றுக்கூலியே லாபத்தைத் தின்றுவிடும். எண்ணெயை உறிஞ்சவும் பேட்டரியையும் வயரையும் பிரிக்கவும் சிறிய, மலிவான கருவிகள் தாலுகா அளவில் வேண்டும். இதை ஜெர்மனியோ ஜப்பானோ கண்டுபிடித்துத் தரப் போவதில்லை. இங்கேதான் செய்ய வேண்டும்.

கைகள் இருக்கின்றன

அந்தக் கைகள் எங்கே என்று தேட வேண்டியதில்லை. புதுப்பேட்டையிலும் குஜரியிலும் இருக்கின்றன. பதிவுக் கட்டணம், வங்கி உத்தரவாதம், சிமென்ட் தளம், வடிகால், கேமரா என்று விதிகள் கேட்கும் முதலீட்டைச் சின்னக் கடைக்காரர் தனியாகப் போட முடியாது. 2025 வாக்கில் நாட்டில் இயங்கிய பதிவு பெற்ற நிலையங்கள் நூற்றுச் சொச்சம். காயலான் கடைகளை யார் எண்ணினார்கள்? நச்சு நீக்கும் வேலையை மட்டும் பொதுக் கூடத்தில் செய்துவிட்டு, சுத்தமான வண்டியைப் பிரிக்கும் வேலையைச் சின்னக் கடைகளுக்கே விடும் ஏற்பாட்டை அரசு யோசிக்கலாம். அப்படிச் செய்தால் கைத்திறன் மிஞ்சும், நஞ்சு மிஞ்சாது. செய்யாவிட்டால் வண்டிகள் இரவில் கடைக்கும், சான்றிதழ்கள் பகலில் ஆலைக்கும் போகும்.

ஊரிகத்தைச் சுற்றியும் கைகள் உண்டு. ராட்சத மண்வாரி இயந்திரங்களை உருவாக்கும் பெமல் தொழிற்சாலை தங்கவயலில்தான் இருக்கிறது. ஊரிகத்திலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. மூன்று தலைமுறையாக இரும்பையும் பாறையையும் கையாண்ட ஃபிட்டர்கள், வெல்டர்களின் பிள்ளைகள் இன்று பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போய் வருகிறார்கள். கீழே இறங்கும் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. சாலையில் நிற்கும் சுரங்கத்துக்கு இதே ஆட்கள் வேண்டும்.

மேடுகளும் சும்மா இருக்கப் போவதில்லை. அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. அந்தக் காலத் தொழில்நுட்பம் விட்டுவிட்டதை இந்தக் காலத் தொழில்நுட்பம் எடுத்துவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் எடுத்த பிறகும் தூசி மிஞ்சும். அதை எங்கே வைப்பது, யார் மூடுவது என்ற கேள்விக்கு இம்முறை முதலிலேயே பதில் எழுதப்பட வேண்டும்.

வாகனத்துக்கும் அதே நியாயம்தான். கழிவு குவிந்த பிறகு வரும் சட்டம் நஷ்டஈடு கேட்கலாம், வழக்குப் போடலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வைக்காது. குவியும் முன்பே வந்து, கடினமான பொருளை அளவுகோலாக வைக்கும் சட்டம்தான் பொறியாளரை மேஜைக்கு இழுக்கும். எட்டு சதவீத எஃகு ஒரு தொடக்கம். அங்கேயே நின்றுவிட்டால் என்ன மிஞ்சும் என்று அறிய ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க வேண்டாம். காற்றடி காலத்தில் ஒரு நாள் ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கி நின்றால் போதும்.